அறுவை வலிக்கு ஒரு வழி, நாள்பட்ட வலிக்கு வேறு வழி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 66 வயது, விரைவில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. பல ஆண்டுகளாக முதுகுவலியும் இருக்கிறது. மார்ஃபின் மாதிரி மருந்து கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயந்து, "அறுவைக்குப் பிறகு எவ்வளவு வலித்தாலும் பொறுத்துக்கொள்கிறேன், மருந்து வேண்டாம்" என்கிறார். ஆனால் முதுகுவலிக்கு மட்டும் மாத்திரை மாற்றி மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறார், குறைந்தபாடில்லை. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

பதில் சொல்லும் நான் மயக்கவியல் மருத்துவர். அறுவை அரங்கிலும் வலி சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்கிறேன். உங்கள் அம்மா இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பொறுக்கக் கூடாத வலியைப் பொறுக்கப் பார்க்கிறார், மாத்திரைக்கு மசியாத வலியை மாத்திரையால் துரத்துகிறார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலி எல்லாமே ஒரே மாதிரிதான், மருந்தின் அளவுதான் கூடும் குறையும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நீண்ட காலம் இருந்தது. இன்றும் பல இடங்களில் இருக்கிறது.

முதலில் அறுவை வலி. தோல், தசை, எலும்பு எல்லாம் வெட்டுப்படுகின்றன. காயம்பட்ட திசுவிலிருந்து கசியும் ரசாயனங்கள் அங்குள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன, அந்தச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. காரணம் தெளிவு, இடம் தெளிவு. காலமும் ஏறக்குறைய தெளிவுதான்: முதல் இரண்டு மூன்று நாட்கள் கடுமையாக இருக்கும், பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகத் தணியும். முழங்கால் மாற்று, வலி அதிகமுள்ள அறுவைகளில் ஒன்று. இந்த மாதிரி வலியை முன்கூட்டியே, முழு பலத்தோடு அடக்கிவிட வேண்டும்.

பொறுத்துக்கொள்வதால் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. கெடுதல்தான் உண்டு. வலிக்கிறதே என்று மூச்சை மேலோட்டமாக இழுப்பார்கள், இருமலை அடக்குவார்கள். நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். முழங்காலைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் காலை மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிப்போகும், பிறகு அதைத் தளர்த்துவது பெரும்பாடு. அதனால் அறுவை முடிந்த நோயாளியிடம் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. இருமினால் தாங்க முடிகிறதா, எழுந்து நாலடி நடக்க முடிகிறதா, ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்பேன். வலி மருந்து போதுமா இல்லையா என்பதை இந்தப் பதில்கள்தான் சொல்லும்.

எப்படி அடக்குவது? ஒரே மருந்தை அளவு ஏற்றிக் கொடுப்பது பழைய முறை. வலி போகும் பாதையில் பல இடங்களில் ஒரே சமயத்தில் கை வைப்பது இப்போதைய முறை. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் ஹென்ரிக் கேலெட்டும் யோர்கன் டாலும் 1993-இல் இதை வலியுறுத்தி எழுதினார்கள். இன்றைய அறுவை வலி சிகிச்சையின் அடித்தளமே அதுதான். காயத்தில் எழும் அழற்சியை, அதாவது வீக்கமும் எரிச்சலுமான எதிர்வினையை, ஐபுப்ரோஃபென், செலிகாக்சிப் போன்றவை குறைக்கும். பாரசிட்டமால் வேறு வழியில் உதவும். நரம்பைச் சுற்றிப் போடும் மரத்துப்போகும் ஊசி, செய்தியைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். இவ்வளவுக்கும் மேலே மிச்சமிருக்கும் வலிக்குத்தான் மார்ஃபின் வகை மருந்து. இப்படிக் கூட்டாகக் கொடுக்கும்போது ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும், பக்கவிளைவும் குறையும். பாரசிட்டமாலைச் சாதாரண மாத்திரை என்று பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். அதையும் ஐபுப்ரோஃபெனையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது, பல் பிடுங்கியவர்கள் உட்பட அறுவை முடிந்தவர்களிடம் செய்த பல ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

முதல் சில நாட்கள் இந்த அடிப்படை மருந்துகளை, வலி வந்தாலும் வராவிட்டாலும் நேரம் பார்த்துப் போட வேண்டும். வலி ஏறிய பிறகு அதை இறக்க அதிக மருந்து தேவைப்படும், நேரமும் பிடிக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு பாரசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அம்மாவுக்குப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஒரு ஊசி போடுவார்கள். அதோடு, தொடையில் அல்ட்ராசவுண்ட் பார்த்து முழங்காலுக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் மருந்து செலுத்துவார்கள். இதில் தொடைத் தசையின் பலம் பெரும்பாலும் குறையாது, அதனால் நடக்க முடியும். தொடையில் போட்ட ஊசியின் மரப்பு ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம் வரை நிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். முதல் நாள் வலியே இல்லை என்று மாத்திரையை மறுத்துவிடுவார்கள். நள்ளிரவில் மரப்பு விலகும்போது வலி மொத்தமாக வந்து தாக்கும். மரப்பு இருக்கும்போதே மாத்திரைகளைத் தொடங்கிவிட வேண்டும். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியை மட்டும் அம்மாவிடம் சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சில மருத்துவமனைகளில் நோயாளியே பொத்தானை அழுத்தி மார்ஃபின் பெறும் இயந்திரம் வைப்பார்கள். ஒரு முறை அழுத்திய பிறகு, சில நிமிடங்கள் கழியும்வரை எத்தனை தடவை அழுத்தினாலும் மருந்து வராது. தூக்கம் சொக்கினால் நோயாளியின் கை தானாக நின்றுவிடும். இதன் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. பாசத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்குப் பதிலாக அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். அது ஆதாரமில்லாத பயம் இல்லை. அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து மார்ஃபின் வகை மாத்திரைகளை முதுகுவலி, மூட்டுவலி என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக எழுதினார்கள். அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருந்து நிறுவனங்களும் பிரசாரம் செய்தன. விளைவு, லட்சக்கணக்கான உயிரிழப்புகள். ஆனால் அங்கே பெரிய தவறு நடந்தது, நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் எழுதியதிலும், அறுவைக்குப் பிறகு தேவைக்கு மேல் டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பியதிலும்தான். அறுவைக்குப் பிறகு சில நாட்கள், கண்காணிப்போடு, குறைந்த அளவில் கொடுப்பது வேறு விஷயம். இதற்கு முன் போதைப் பழக்கமோ தினசரி மார்ஃபின் வகை மருந்தோ இல்லாதவருக்கு இந்தக் குறுகிய காலத்தில் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. தொடர்ந்து பல வாரங்கள் எடுத்தால் யாருடைய உடம்பும் மருந்துக்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வரும். அது மட்டுமே அடிமைத்தனம் ஆகாது. அளவைப் படிப்படியாகக் குறைத்தால் சரியாகிவிடும். தீங்கு வருகிறது என்று தெரிந்தும் மருந்தைத் தேடி ஓடும் நிலைதான் அடிமைத்தனம்.

உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று மலச்சிக்கல். மார்ஃபினின் மற்றப் பக்கவிளைவுகள் பலவற்றுக்கு உடம்பு பழகும், இதற்கு அநேகமாகப் பழகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேளுங்கள். இரண்டாவது, மூச்சு மந்தமாவது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், மது அருந்துபவர்கள், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் அல்லது பிரிகாபலின் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் கடைசி இரண்டுக்கும் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. அம்மாவுக்கு இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மார்ஃபின் வகையைச் சேராத புதிய மருந்துகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. வலிச் செய்தி கிளம்ப உதவும், வலி நரம்புகளில் உள்ள ஒரு சோடியம் வாயிலை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போதைக்குக் குறுகிய கால வலிக்குத்தான் அனுமதி.

அறுவை வலி சிலருக்குப் போகாமலே தங்கிவிடுவதும் உண்டு. முழங்கால் மாற்று செய்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மாதங்கள் கழிந்தும் குறிப்பிடத்தக்க வலி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பும் உலோகமும் எக்ஸ்ரேயில் அழகாகப் பொருந்தியிருக்கும், வலி மட்டும் இருக்கும். 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் விலங்குகளிடம் செய்த சோதனையில் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது: காயத்திலிருந்து செய்திகள் தொடர்ந்து வந்து மோதினால் முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்களே மாறிவிடுகின்றன, சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் கொடுக்கின்றன. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு யாரோ போய்விட்டது மாதிரி. யாருக்கு இப்படி ஆகலாம் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்க முடியும். அறுவைக்கு முன்பே உடம்பில் வேறு நாள்பட்ட வலி இருப்பவர்கள், முதல் நாட்களில் வலி கட்டுப்படாமல் தவித்தவர்கள், வலியைப் பற்றிய பயம் அதிகமுள்ளவர்கள், அறுவையில் நரம்பு காயப்பட்டவர்கள். முதுகுவலி உள்ள உங்கள் அம்மா முதல் வகையில் வருகிறார். அதனால்தான், பொறுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன்.

இப்போது முதுகுவலி. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்று கணக்கு. அப்படிப்பட்ட முதுகுவலிகள் பெரும்பாலானவற்றில், முதலில் காயம் ஏதாவது இருந்திருந்தாலும் அது எப்போதோ ஆறியிருக்கும். வலிக்கான ஏற்பாடு மட்டும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். வலி பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது முழுக்க உண்மையான வலி, நரம்பு மண்டலத்தில் நடக்கும் உண்மையான மாற்றம். உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாடு நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. சில நாள்பட்ட வலிகளை வேறொன்றின் அறிகுறியாகப் பார்க்காமல் அவற்றையே நோயாக ஏற்றுக்கொள்கிறது. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை, உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்களுக்கு இந்த அங்கீகாரம் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும்.

காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த ஹென்ரி பீச்சர் என்ற மயக்க மருத்துவர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் மார்ஃபின் வேண்டாம் என்றதைப் பார்த்து 1946-இல் எழுதினார். 1978-இல் வேறொரு சோதனை: கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசியைப் போட்டபோதே சிலருக்கு வலி குறைந்தது; மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் மறைந்தது. அதாவது, மூளை தன் சொந்த வலி மருந்தைச் சுரந்திருக்கிறது. பயமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுவதும், நம்பிக்கையும் அசைவும் குறைப்பதும் இப்படிப்பட்ட உடல் இயக்கத்தால்தான்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கில் தேய்மானம், 20 வயதில் 37 சதவீதத்தினரிடமும், 50 வயதில் 80 சதவீதத்தினரிடமும், 80 வயதில் 96 சதவீதத்தினரிடமும் இருந்தது. அத்தனை பேருக்கும் முதுகுவலி கிடையாது. ஆகவே அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது" என்று இருந்தால், வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வார்த்தைகளைப் படித்துப் பயந்து குனியாமல், நடக்காமல் இருப்பதுதான் பல சமயம் தேய்மானத்தைவிடப் பெரிய பாதிப்பு.

மாத்திரைகள் ஏன் கைகொடுக்கவில்லை? அழற்சியைக் குறைக்கும் மாத்திரைக்கு அழற்சி இருந்தால்தானே வேலை. வலி கூடும் சில நாட்களுக்கு அது உதவலாம். ஆனால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை 66 வயதில் மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும், சிறுநீரகப் பாதிப்பும், மாரடைப்பு அபாயமும் கூடும். மார்ஃபின் வகை? நாள்பட்ட முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ள 240 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. மார்ஃபின் வகை எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு மற்ற மருந்து எடுத்தவர்களைவிடக் கொஞ்சமும் மேம்படவில்லை, பக்கவிளைவுதான் அதிகம். சிலருக்கு இந்த மருந்தே காலப்போக்கில் வலி உணர்வைக் கூர்மையாக்கவும் செய்கிறது. அறுவைக்குப் பிறகு நான் தயங்காமல் கொடுக்கும் அதே மருந்தை முதுகுவலிக்கு எழுத மறுப்பது இதனால்தான்.

டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் என்று மருத்துவர் எழுதி, அது மனச்சோர்வு மருந்து என்று எங்காவது படித்தால் அம்மா கோபப்படலாம். "எனக்கு மனநோய் என்கிறாரா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மூளையிலிருந்து கீழிறங்கி வந்து முதுகுத்தண்டில் வலியை அடக்கும் பாதை ஒன்று இருக்கிறது. அது பயன்படுத்தும் ரசாயனங்களை இந்த மருந்துகள் கூட்டுகின்றன. பலன் எல்லோருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் மிதமானதுதான். சர்க்கரை நோயால் பாதம் எரிவது மாதிரியான நரம்பு வலிக்கு டுலாக்செட்டினும் பிரிகாபலினும் நல்ல தேர்வுகள். ஆனால் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பிரிகாபலின் பயன் தரவில்லை என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது, இருந்தும் அதற்கு இன்னமும் எழுதப்படுகிறது.

முதுகில் ஊசி, கதிர் அலையால் நரம்பைச் சுடுவது போன்ற சிகிச்சைகளுக்கும் இடம் உண்டு, ஆனால் குறுகிய இடம். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக் கால் வலிக்கும்போது ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நிவாரணம் தரலாம்.

நிஜமான முன்னேற்றம் கிடைப்பது அசைவில். எந்த உடற்பயிற்சி என்பது அவ்வளவு முக்கியமில்லை: நடை, நீச்சல், யோகா, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவது, எதுவானாலும் விடாமல் செய்யக்கூடியது நல்லது. செய்யும் விதம்தான் முக்கியம். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது, மறுநாளிலிருந்து மூன்று நாளைக்குப் படுத்துக்கொள்வது என்று பலர் மாறி மாறித் தவிப்பார்கள். அதற்குப் பதிலாக, மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவில் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் நடக்க முடிந்தால் ஏழு நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். நல்ல நாளிலும் ஏழே நிமிடம். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது வலி சற்றுக் கூடினால் அது சேதத்தின் அடையாளம் இல்லை என்பதை அம்மா நம்பும்படி ஒருவர் பொறுமையாக விளக்க வேண்டும். வலி பற்றிய பயத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சி கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைச் சரிசெய்வதும் சிகிச்சைதான். இலக்கு, வலி பூஜ்யமாவது இல்லை. கோயில் போய் வருவதோ பேரக்குழந்தையைத் தூக்குவதோ, அம்மா விட்டுவிட்ட ஏதாவது ஒன்று அவருக்குத் திரும்பக் கிடைப்பது.

அறுவைக்கு முன் சில ஏற்பாடுகள் செய்துவிடுங்கள். அம்மா எடுக்கும் எல்லா மருந்தையும், கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை உட்பட, ஒரு தாளில் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் முதுகில் ஊசி போடும் முடிவே மாறலாம். டிரமடால் போன்ற மார்ஃபின் வகை மருந்து எதையாவது தினமும் எடுப்பவராக இருந்தால் மறைக்கவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அறுவைக்குப் பிறகு அவருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு போதாமல் போகலாம். இப்போதிருந்தே தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்கினால் பிறகு எழுந்து நடக்கச் சுலபமாக இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரை எத்தனை நாள், எதை முதலில் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். வழக்கமாக மார்ஃபின் வகையை முதலில் குறைத்து நிறுத்துவோம், அப்புறம் அழற்சி மாத்திரை, கடைசியில் பாரசிட்டமால். மீந்த மார்ஃபின் வகை மாத்திரையை அலமாரியில் வைக்காமல் மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

சில வலிகளுக்கு மட்டும் இந்த விளக்கம் எதுவும் பொருந்தாது. அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால், காயம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், மருந்து எதற்கும் அடங்காமல் கால் இறுகி வலி ஏறிக்கொண்டே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ மூச்சு மெதுவாகிவிட்டாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் வராமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் உணர்வு மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, எந்த நேரமானாலும், அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். முன்பு புற்றுநோய் வந்தவர் என்றாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, முதுகுவலியை நாள்பட்டது என்று ஒதுக்காமல் புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.